அம்மா சொன்னதும் நீ சொன்னதும்

நேற்று கலிபோர்னியா பிளசன்டனில் உன் நினைவுக் கூட்டம். வாசலில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கனமான தாள், சந்தன மணம் வேறு. ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையின் அருமைப் புதல்வர்’ என்று உன்னைப் பற்றி அச்சடித்திருந்தது. செத்த பிறகும் உனக்கு ஓர் உண்மை வாயில் வரவில்லை பார்.

உன் அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார்? மெட்ராஸில் ஊமைப்படங்களில் நடித்தவர் அவர். பதினாறு வயதில் ஆரம்பித்து நான்கே வருடம். குதிரையோடு ஆற்றில் இறங்கியதையும், விழுந்து தோள்பட்டை இறங்கியதையும், உன் வீட்டு சமையலறையில் எனக்கு இட்லி வைத்தபடியே சொல்வார். பேசும்படம் வந்ததும் பாடச் சொன்னார்களாம். குரல் கட்டை என்று அனுப்பிவிட்டார்களாம். நீ ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாய். உன் மகளுக்கு டெக்சாஸ் பக்கம் ரவுண்ட் ராக்கில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

“சினிமாக்காரி பேத்தின்னு தெரிஞ்சா அந்த அலையன்ஸ் அவ்ளோதான்டா” என்றாய். பெரிய இன்ஜினியர், இரண்டு கார், பெற்றவளை ஒளித்துவைக்கத் தோதாக மாடியில் ஓர் அறை.

பழைய படச்சுருள்களைச் சேகரிக்கும் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், மெட்ராஸ் பெரியவர்கள் யாராவது உதவ முடியுமா என்று தமிழ்ச் சங்கத்தில் கேட்டிருந்தார். அவரை போன் பண்ணி வரவழைக்கும்படி அம்மாதான் என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிறு, நானும் உன் வீட்டில் இருந்தபோது, அந்தப் பெண்மணி வீடியோ கேசட்டோடு வந்தார். எங்கோ அகப்பட்ட துண்டு, நான்கு நிமிடம் இருக்கும். பெயர் தெரியாத நடிகை ஒருத்தி குதிரையை ஆற்றில் இறக்குகிறாள். அம்மா எழுந்துபோய் டிவியை ஒட்டி நின்றார்.

“அது நாந்தான். என் பேரைச் சொல்லுப்பா, எழுதிக்கட்டும்.”

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வந்தவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நீ. அம்மாவுக்கு அந்த நடிகை யாரென்று தெரியவில்லையாம், வயதாகிவிட்டதில் ஞாபகம் தப்பிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னாய். துளி தடுமாற்றம் இல்லை, முகத்தில் சிரிப்பு வேறு. வந்தவர் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நீ வாசல்வரை வழியனுப்பப் போனாய்.

நீ திரும்பி வருவதற்குள் அம்மா என்னருகே வந்து, “பேரை சரியா எழுதிக்கிட்டாங்களா தம்பி?” என்று கேட்டார்.

எழுதிக்கொண்டார்கள் என்றேன்.

அதன்பிறகு எட்டு மாதம் இருந்தார். போட்டோ எடுக்க வருவார்கள் என்று தினமும் இஸ்திரி போட்ட புடவையாகக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்மணியின் நம்பர் என் பர்ஸிலேயே கிடந்தது. எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல், உன் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன்னைத் திட்டித் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திட்டியும் ஆயிற்று, மனம் ஆறவில்லை. உன்னைப் பற்றி அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்காமல் என்னைக் கேட்டார். நான் சொன்னதை நம்பிக்கொண்டே செத்தார்.