ஒன்பது மணி அளவு

மார்ச் 3
பட்டறையைத் திறந்தேன். அவர் போய் இருபது நாள். கூட்டினேன், துடைத்தேன், மெயின் சுவிட்சைப் போட்டேன். மகள் போனில், “அழுதியாம்மா?” என்றாள். இல்லை என்றேன். “ஒரு தடவை அழுதுடும்மா.” வந்தால் அழமாட்டேனா?

மார்ச் 4
அதிர்வெண் அளக்கும் அவருடைய ஃப்ரீக்வென்சி கவுண்டரில் எண்கள் ஓடுகின்றன. ஆனால் நிலையாக இல்லை. உள்ளே படிகம் இருக்கும் டப்பா சில்லென்று கிடக்கிறது. அதிலுள்ள ஹீட்டர் படிகத்தை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருந்தால்தான் அளவு சரியாக வரும். அதற்காகவே பதினோரு வருடம் இதை அணைக்காமல் வைத்திருந்தார். தினமும் காலை ஒன்பதுக்கு ஓர் அளவு எடுத்து நோட்டில் எழுதுவார். என் பிறந்தநாளை மறப்பார், இதை மறக்கமாட்டார்.

அணைத்தது யார்? நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று, வீட்டைப் பூட்டும் பழக்கதோஷத்தில் பட்டறை மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

இதைச் சரிசெய்யாமல் வேறு வேலையைத் தொடப்போவதில்லை.

மார்ச் 5
டப்பாவைப் பிரித்தேன். படிகம் நன்றாக இருக்கிறது. வெப்ப ஃபியூஸ்தான் போய்விட்டது. சூடு அளவு மீறினால் தானே அறுந்து மற்றதைக் காப்பாற்றுகிற சின்னப் பொருள். ஆறிக்கிடந்து திடீரென்று சூடேறியதைத் தாங்கவில்லை போலும்.

மார்ச் 9
புது ஃபியூஸை ஈயம் உருக்கிச் சாலிடர் செய்தேன். ஒரு மணி நேரமாகியும் டப்பா சில்லென்றே இருந்தது.

சாலிடர் வைத்த சூட்டிலேயே புதுசும் போய்விட்டது! கம்பியைக் குறடால் பிடித்தால் சூடு குறடுக்குப் போகும், ஃபியூஸ் பிழைக்கும். எனக்குத் தெரியாதா? ஆனால் குறடு பிடிப்பது எப்போதும் அவர். சாலிடர் வைப்பது நான். பிடிக்க ஆளில்லைன்னு இந்தக் கைக்குத் தெரியலையே — என்ன கை இது.

மார்ச் 10
ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 14
மகள் வந்தாள். கடைசி ஃபியூஸ். குறடைக் கொடுத்தேன்.

“நான் பிடிச்சா சரியா வருமா?”

“விடாம பிடி, போதும்.”

அவள் பிடித்தாள், நான் சாலிடர் வைத்தேன்.

மாலையில் டப்பாவைத் தொட்டுப் பார்த்து அவளே சொன்னாள்: “சூடா இருக்கும்மா.”

மார்ச் 15
ஒன்பது மணி. எண் நிலையாக நிற்கிறது. பழைய எண் இல்லை. ஒருமுறை ஆறிய படிகம் அதே இடத்துக்கு அப்படியே திரும்பாது. விட்டுப்போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இடம் விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. அவருடைய கடைசி வரிக்கு நேர் கீழே எழுதினேன்.

“நோட்டு நனையுதும்மா” என்று மகள் அதை நகர்த்தி வைத்தாள்.