நெடுங்கரை ஸ்டேஷன் மலரில் பதினான்காம் பக்கம்

தாம்பரம்
14.11.2006

அன்பு அஞ்சலிக்கு,

தசரதன் என் அப்பா என்று அன்றைக்கு நான் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. அதை எழுத உட்கார்ந்த வேகத்தில் உன்னை நலம் விசாரிக்கவே மறந்தேன் பார், இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, புனே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

போன மாதம் எங்கள் அச்சகத்துக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து கஸ்தூரிரங்கன் என்பவர் வந்தார். காலனிச் சங்கச் செயலாளர், வெள்ளிவிழா மலர் போட வேண்டுமாம், அதில் மூடிப்போன நெடுங்கரை ஸ்டேஷனின் வரலாறு, அவரே எழுதியது. பிழை இருந்தா நீங்களே திருத்திடுங்கோம்மா, ஹிஸ்டரி கரெக்டா இருக்கணும் என்றார். புரூஃப் பார்ப்பது நான்தானே, படித்தேன். திறந்த வருஷம், நின்ற வண்டிகள் எல்லாம் சரி. கடைசியில், டிக்கெட் ஏஜெண்ட் தசரதன் நேரத்துக்குக் கவுண்டரைத் திறக்காததால்தான் ஸ்டேஷன் போயிற்று, காப்பாற்றப் போராடியவர் கஸ்தூரிரங்கன் என்று இருந்தது. உன் தாத்தா காய்ச்சலிலும் முதல் வண்டிக்கு முன்னால் கவுண்டரில் இருந்தவர். மீன்கூடைக்காரிகள் மட்டும் ஏறுகிற இடத்தில் வண்டி நிற்கிறது, ஆபீசுக்கு லேட்டாகிறது, பெட்டியெல்லாம் நாற்றம், மூடுங்கள் என்று மனு எழுதியதே இந்தக் கஸ்தூரிரங்கன்தான். விளக்கம் கேட்டுத் தாத்தாவுக்கு ரயில்வே அனுப்பிய அந்த மனுவின் நகல், இவர் கையெழுத்தோடு நம் பீரோவில் இருக்கிறது. ஸ்டேஷனை மூடிய பிறகும் தாத்தா அதே நேரத்துக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை நான் மறக்கவில்லை.

கஸ்தூரிரங்கன் எழுதியதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அடுத்த பக்கத்தில், பதினான்கில், அந்த மனுவை அப்படியே வைத்தேன். முதலாளி முனிரத்தினம் பார்த்துவிட்டு, இன்னாம்மா, வம்ப வெல குடுத்து வாங்கினு வர்றியே என்றார், அப்புறம், பக்கத்துக்குப் பக்கம் அந்தாளு கையெழுத்து போட்டாத்தான் மெஷின்ல ஏத்துவேன் என்றார். எங்கள் வழக்கமே அதுதான். கஸ்தூரிரங்கன் செல்போனும் காதுமாக வந்தார். படித்துப் பாருங்கள் சார் என்று இரண்டு முறை சொன்னேன். எழுதினவனே படிக்கணுமா மேடம் என்று சிரித்தபடி எல்லாப் பக்கத்திலும் போட்டார், பதினான்கிலும். இத்தனை வருஷத்தில் கையெழுத்து மாறவே இல்லை. பாவம் என்கிறார் உன் அப்பா. இருக்கட்டும், எனக்குத் துளி வருத்தமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வீட்டு ஓனர் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும்.

உன் அம்மா,
காந்தா

பி.கு. தபாலில் சேர்க்காமல் ஞாயிறுவரை வைத்திருந்தேன். விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வரலாற்றை அவரே மைக்கில் வாசித்தார், பதினான்காம் பக்கத்தில் மூன்று வரி போன பிறகுதான் நிறுத்தினார். அதற்குள் முந்நூறு பிரதியும் கொடுத்தாகிவிட்டது.