வீடு பார்க்க வந்த பார்ட்டிகள்

மாதா துணை

தூத்துக்குடி
17.8.2003

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

மேரி அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரர் தம்பி அண்ணாதுரை, மகள் மோகனப்ரியா எல்லாரும் சுகந்தானே? இங்கே எல்லாரும் சுகம், இவர் ஒருவரைத் தவிர. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஓசூர் ஆலையில் லேத்தில் நின்ற மனிதருக்கு உட்காரத் தெரியவில்லை. நேற்று என் மிக்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சத்தம் சரியில்லட்டி" என்கிறார். சத்தம் சரியாகத்தான் இருந்தது. இப்போது சுத்தமாகச் சத்தமே இல்லை.

நீங்கள் வாடகைக்கு இருக்கும் எங்கள் ஓசூர் வீட்டை விற்க நான் அவசரப்படுவது இதற்காகத்தான். துறைமுகத்துப் பக்கம் ஒருவர் பழைய லேத் ஒன்றைக் கொடுக்கப்போகிறார். போட் இன்ஜின் வேலைக்குத் தோதான மெஷினாம். கிறிஸ்துமஸ் வரை இவருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு நாலரை லட்சம் வந்தால் இவருக்கு ஒரு பட்டறை ஆகும், எனக்கு நிம்மதி.

ஒன்றாம் தேதி அங்கே வந்து புரோக்கர் திம்மராயனோடு அக்ரிமென்ட் போட்டேனே, அது உனக்குத் தெரியும். பெங்களூரில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு அவர் ஒருவர்தான் விற்க வேண்டும். அதற்குள் யார் வாங்கினாலும், நாங்களே ஆள் பிடித்தாலும், நூற்றுக்கு இரண்டு அவருக்கு. சாட்சிக்கு ஆள் தேடி அலையாமல் தம்பியே கையெழுத்துப் போட்டது பெரிய உதவி.

அவர் கூட்டி வரும் பார்ட்டிகளுக்கு முகம் சுளிக்காமல் வீட்டைக் காட்டு. உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

அன்புடன்,
சூசைமேரி

*

சந்திரசூடேசுவரர் துணை

ஓசூர்
21.9.2003

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

ராசாத்தியின் வணக்கம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மிக்சியை இங்கே அனுப்பினால் இவர் ஆலை நண்பர் பார்த்துக் கொடுப்பார்.

திம்மராயன் இதுவரை நாலு பார்ட்டிகளைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நேரங்காலம் பார்க்கத் தெரியவில்லை. முதலில் ஒரு பேங்க் கிளார்க்கும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். நான் சாம்பார்பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா தும்மித் தும்மி வாசலோடு போய்விட்டார். இரண்டாவது ஆள் பக்கத்து மனையில் என்ன வருகிறது என்று கேட்டார். கல்யாண மண்டபம் வருவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழுந்ததைச் சொன்னேன். அவருக்கு மைக்செட் சத்தம் ஆகாதாம். மூன்றாவது ஆள் வாஸ்து பார்க்கிறவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். வடகிழக்கில் முன்பு என்ன இருந்தது என்று அவர் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? ஏதோ தொட்டி மூடியிருக்கலாம் என்றேன். நாலாவது ஆளுக்குத் தண்ணீர்க் கவலை.

யாருக்கும் பிடிக்கவில்லை அக்கா. எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ராசாத்தி

*

மாதா துணை

தூத்துக்குடி
19.10.2003

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பார்ட்டிக்கு இவரும் தும்மினார். மூன்றாவது பார்ட்டியில், "ஏட்டி, நம்ம வீட்டு வடகிழக்குல எந்தத் தொட்டிய மூடினோம்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் அதே சந்தேகம். அங்கே நிற்பது நான் வைத்த கறிவேப்பிலைச் செடி. கிணற்றில் பதினோரு வருஷமாகத் தண்ணீர் வற்றி நான் பார்த்ததில்லை. பக்கத்து மனைக்காரர் மத்திகிரியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர், அவர் எதற்குக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்?

திம்மராயனும் ஒரு கார்டு போட்டிருந்தார். இதுவரை ஏழு பார்ட்டி ஆகிவிட்டதாம். "குடியிருக்கும் அம்மா மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். ஆனால் பேசி முடித்ததும் பார்ட்டி வண்டியைக் கிளப்பிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

நான் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை ராசாத்தி. ஒன்பது வருஷம் ஒரே காம்பவுண்டில் முன்னும் பின்னுமாக இருந்திருக்கிறோம். மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதினால் போதும். போனில் கேட்டால் நீ காசு ஓடுகிறது என்று வைத்துவிடுவாய்.

அன்புடன்,
மேரி அக்கா

*

சந்திரசூடேசுவரர் துணை

ஓசூர்
9.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லாம் நான் செய்ததுதான். மிளகாய் அன்றைக்கு மட்டும் தற்செயல். அந்தம்மா ஓடியதைப் பார்த்த பிறகு எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஏழாவது பார்ட்டியிடம், இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மாமியாருக்கு என் மேல் பிரியம் வந்தது, அதுவே ஒரு கெட்ட சகுனம் என்றேன். அவர் சிரித்தார், அட்வான்ஸ் கொடுப்பேன் என்றார். அப்புறம் பாம்பைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்த வீட்டை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் அக்கா. மத்தூரிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகு ஐந்து வீடு மாறினோம். ஒரு வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, இன்னொன்றில் விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக்கூடாது, மூக்கண்டப்பள்ளியில் குழந்தை அழக்கூடாது என்றே சொன்னார்கள். உங்கள் வீட்டுக்குச் சாமான் இறக்கிய அன்று, சாமி படம் மாட்ட நீங்களே சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அன்றே இது என் வீடு என்று ஆசை வந்துவிட்டது. அப்போது சொல்லக் கையில் பணம் இல்லை. இப்போது இவர் பி.எஃப். பணத்துக்குக் கேட்டிருக்கிறார், என் நகையும் இருக்கிறது. பணம் வரும்வரை யாரும் வாங்கிவிடக்கூடாதே என்ற பயத்தில் புத்தி கோணலாகப் போய்விட்டது. நாலரை லட்சமும் தருகிறோம், குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஜனவரி 31 அன்று திம்மராயன் அக்ரிமென்ட் முடிகிறது. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்து, பிப்ரவரியில் நமக்குள் எழுதிக்கொள்ளலாமா? புரோக்கருக்குக் கொடுப்பது உங்களுக்கு மிச்சம். நான் செய்த கோணங்கித்தனம் எதுவும் இவருக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டில் பூகம்பம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
ராசாத்தி

*

மாதா துணை

தூத்துக்குடி
30.11.2003

அடி கள்ளி,

பாம்பா! இவர் சிரித்ததில் கட்டில் ஆடியது. நான் சிரிக்கக்கூடாது என்று உறுதியாக இருந்தேன், மாமியார் விஷயத்தில் தோற்றுவிட்டேன்.

உனக்குத்தான் வீடு. நாலரை லட்சம், பிப்ரவரியில் கிரயம். எனக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்ரிமென்டே போட்டிருக்க மாட்டேன். திம்மராயனை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பாவம், பெட்ரோல் போட்டு அலைந்திருக்கிறார். ஆனால் அவர் பேப்பரில் எழுதியதை நாம் ஒருநாள் கூட மீறவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். லேத்காரரிடம் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறோம்.

மோகனப்ரியாவுக்கு என் முத்தம். பத்தாம் வகுப்பு, நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புடன்,
மேரி அக்கா

*

சந்திரசூடேசுவரர் துணை

ஓசூர்
4.1.2004

அன்புள்ள அக்காவுக்கு,

பூகம்பம் வந்துவிட்டது.

பி.எஃப். பணம் சாங்ஷன் ஆன சந்தோஷத்தில் இவரிடம் பிப்ரவரி யோசனையைச் சொன்னேன். இவர் ஆலையில் பல்சக்கரம் அளந்து பாஸ் போடுகிறவர். ஒரு நூல் கூடினாலும் கையெழுத்துப் போட மாட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "பேச்சு நவம்பர்லயே முடிஞ்சி போச்சு. எழுதறத மட்டும் பிப்ரவரியில எழுதிட்டா செரியாயிருமா? அந்தப் பேப்பர்ல சாட்சின்னு எங் கையெழுத்து இருக்குது புள்ள. சாட்சி போட்டவனே திருட்டுத்தனம் பண்ணா, அதுக்கு என்னாத்துக்குக் கையெழுத்து?" என்றார். மறுநாள் ஏ ஷிப்ட் முடிந்ததும் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டில் திம்மராயன் ஆபீசுக்கே போய்விட்டார். என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார்.

திம்மராயன் திட்டியிருந்தால் தேவலை. "ஏழு பார்ட்டியும் ஓடிப் பூட்டாங்களே, என் ராசிதான் செரியில்லயோன்னு மாரம்மாவுக்குப் பொங்கல் வெச்சேன்மா நானு" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் கெலமங்கலத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தபோது, முன்பே வரச்சொல்லியிருந்த ஒரு பெங்களூர் பார்ட்டியைத் திம்மராயன் கூட்டி வந்தார். இவர் வீட்டைக் காட்டினார். உள்ளதை உள்ளபடி சொன்னார். கிணறு வற்றாது என்றார். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகப்போகிறது, இடம் விலை ஏறும் என்று அவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்து லட்சம், மொத்தப் பணமும் உடனே தருகிறோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

திம்மராயன் என்னிடம், "நீங்களே அக்காவுக்கு எழுதுங்கம்மா. இந்தத் தடவ நான் கார்டு போடல" என்றார்.

பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். எங்களால் நாலரைக்கு மேல் இன்னொரு ஐம்பதாயிரம் புரட்ட முடியாது. ஐந்து லட்சம் உங்கள் பணம் அக்கா. நீங்கள் எனக்குக் கொடுத்த வார்த்தையை நான் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கே கொடுத்தாலும் கிரயத்தன்று வீட்டைக் கழுவிக் கோலம் போட்டுச் சாவியைக் கொடுப்பேன். அழ மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

ராசாத்தி

*

மாதா துணை

தூத்துக்குடி
18.1.2004

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

நேராகவே எழுதுகிறேன். லேத் கைவிட்டுப் போய்விட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் வேறொருவர் பணத்தோடு வந்து எடுத்துக்கொண்டு போனார். இவர் வாசலில் நின்று அந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு எழுத வேண்டாம் என்று இவர்தான் சொன்னார். நீ விரட்டிய ஏழு பேரில் ஒருவர் வாங்கியிருந்தால் அது எங்கள் கையில் இருந்திருக்கும் என்று எனக்கு உன் மேல் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே உன்னை மன்னித்த கடிதத்துக்குப் பின்னால் இதுவும் உண்டு என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

ஐந்து லட்சம் என்று படித்ததும் எனக்கு ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். "அந்தப் புள்ள இத எழுதாமலே இருந்திருக்கலாம்லா. நமக்கு எப்படிட்டி தெரியப்போவுது?" என்றார். அதற்குப் பிறகு அந்த ஐந்து லட்சத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வீடு உங்களுக்குத்தான், சொன்ன நாலரைக்கே. இவர் கோயம்புத்தூரில் வேறொரு லேத் பார்க்கப் போகிறார். வீட்டில் மூன்று நாள் அமைதி கிடைக்கும்.

பிப்ரவரி வேண்டாம். தம்பி சொன்னது சரி, நான் மனதைத் தேற்றிக்கொண்டது தப்பு. அக்ரிமென்ட் உயிரோடு இருக்கும்போதே, 29ஆம் தேதி வியாழக்கிழமை, சார்பதிவாளர் ஆபீசுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். திம்மராயனும் இருக்கட்டும். நூற்றுக்கு இரண்டை நான் தர மாட்டேன். நீ தர வேண்டும். ஏழு பார்ட்டிகளுக்கும் அந்த மனிதர் வைத்த பொங்கலுக்கும் அது உனக்கு அபராதம். உன் கையாலேயே கொடு, பாதியாகக் குறைக்கச் சொல்லிப் பேசாதே.

பத்திரம் எழுதுகிறவரிடம் பெயர் கொடுத்துவிட்டாயா? தம்பி பெயரைக் கொடுத்திருந்தால் மாற்றச் சொல். பி.எஃப். பணத்தில் மனைவி பெயரிலும் வாங்கலாம் என்று இவர் விசாரித்துவிட்டார். கையெழுத்தைக் காப்பாற்றியது தம்பி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுக்காகப் பொய் சொன்னவள் நீ, அது கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே உண்மையை எழுதியவளும் நீ. வாங்குபவர் பெயர் ராசாத்தி என்று இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

உன் அக்கா,
சூசைமேரி