கரப்பான் களிம்பும் கமலாவின் முகமும்

12-8-1983, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் எந்த மருந்தும் எங்கள் பிளாக்கில் பொதுச்சொத்து. என் கால் கரப்பானுக்கு இரண்டே வாரம் பூசச் சொன்ன களிம்பை, நிறம் கூடும் என்று என் மனைவி கமலா மூன்று மாதம் முகத்தில் பூசினாள். நிறம் கூடியது. பின்னாலேயே பருவும் எரிச்சலும் வந்தன. டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தி, இப்போதுதான் முகம் தேறியிருக்கிறது.

இன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாள் மகளோடு வந்தார்.

"ஞாயித்துக்கெழம மல்லிகாவப் பொண்ணு பாக்க வராங்க கமலா. அந்த ட்யூபக் கொஞ்சம் குடேன்."

விளக்கம் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். கமலா முந்திக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. என் மூஞ்சி வெந்து கெடந்தத நீங்களே பாத்தீங்க. இவளுக்கு என்ன கொறச்சல்? ராசாத்தி மாதிரி இருக்கா!"

சொன்ன கையோடு ட்யூபைக் குப்பைக் கூடையில் போட்டாள். மல்லிகா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்தான் தன் முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கும்.