வெள்ளைத் துணியில் கிடந்த மூன்று வரிகள்

நானா,

நேற்று ஒரு வேட்டி வாங்கக் காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கடையில் நின்றவர் வெள்ளைத் துணிக்கட்டு ஒன்றை மேசையில் போட்டு ஒரே உதறில் விரித்தார். புதுத்துணியின் கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. என்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்துவிட்டேன். "என்ன ஐயா, துணி புடிக்கல்லயா?" என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? அப்படியொரு வெள்ளைத் துணியிடம் நாம் இருவரும் எத்தனை தடவை தோற்றோம் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்.

ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

நான் முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். அந்த வேலையில் இருப்பவரை அங்கே முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் துணிக்கடைக்காரர். ஒரு காணி வழக்கில் சாட்சி சொல்ல வந்த நீங்கள், கோபத்தில் எதிராளியை "இடுப்புல கட்ட ஏலாத கிழிஞ்ச சாரன்" என்று சொல்லிவிட்டீர்கள். நீதவானுக்குத் தமிழ் தெரியாது. நான் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தீர்கள். "முதலியார், ஒரு நூலும் குறையாமச் சொன்னீங்க. கடைக்கு வாங்க, டீ குடிப்பம்" என்றீர்கள். எனக்குத் தானாக நண்பர்கள் சேர்வதில்லை. நீங்கள்தான் வந்து, எனக்கு அண்ணன் முறையில் நானாவாகச் சேர்ந்தீர்கள்.

நாம் இருவரும் வேலையை விட்டு வீட்டில் இருந்த காலத்தில் உங்கள் மகன் கத்தாருக்குப் போனார். தன் வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். "பத்து வருசமாக் கதவச் சாத்திக்கிட்டு இதுக்குள்ள என்னத்தத்தான் பாத்தான் எண்டு எனக்குத் தெரியணும்" என்றீர்கள். அதில் வருவதெல்லாம் ஆங்கிலம். ஆகவே என்னைக் கூப்பிட்டீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் ஊர் குருக்கள்மடத்தில் உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். நீங்கள் லுஹர் தொழுதுவிட்டு வந்து, வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள். நான் வாசித்துச் சொல்வேன், நீங்கள் பொத்தானை அமத்துவீர்கள்.

முதல் நாள் பயந்துதான் வந்தேன். விளையாட்டு என்றால் வேகம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது முறைவைத்து ஆடுகிற ஆட்டம். நாம் ஒரு தடவை, பிறகு எதிரி ஒரு தடவை. நம் முறை வந்தால் நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி அசையாமல் நிற்கும். என் வாழ்க்கையில் எதிரி எனக்காகக் காத்திருந்த ஒரே இடம் அதுதான்.

கதை கனவு மாதிரி இருந்தது. ஒரு குடைக்காரியும் ஒரு விளக்குக்காரனும் கடலைத் தேடி நடக்கிறார்கள். மரங்களில் தொலைபேசிகள் காய்த்துத் தொங்கும். தண்ணீருக்கு அடியில் ரயில் ஓடும், அதில் ஏற மீன்கள் வரிசையில் நிற்கும். உங்கள் மனைவி தேநீரை வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். "மீனுக்கு டிக்கட் எடுத்துக் குடுக்கவா ரெண்டு பேரும் பென்சன் எடுத்த?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நான் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எந்த எதிரிக்கு எது ஆகாது, எந்த ஊரில் எந்த மருந்து என்று. நாம் செய்யக்கூடியவை நான்கு: அடி, தடு, மருந்து, நில். நான்காவதை அமத்தினால் ஒன்றும் நடக்காது, நம் முறை வீணாகும். பதினொரு இடங்களில் சோதித்துவிட்டு, 'நில்: பயனற்றது' என்று எழுதி, அடிமட்டம் வைத்துச் சிவப்பில் கோடும் போட்டேன்.

அதற்குள் உங்கள் உடம்பு மெலியத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். டொக்டருக்குத் தமிழ் ஓடாது. அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பொறுமையாக நிறையச் சொன்னார். நோய் ஈரலில் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, சில மாதங்கள்தான் இருக்கின்றன, வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இப்போதே அழைப்பது நல்லது என்றார். நீங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மருந்த ஒழுங்காப் போடட்டாம் நானா. மறுகா பாப்பமாம்" என்றேன்.

"மகன வரச் சொல்லணுமா?"

"இப்ப தேவையில்ல."

முப்பது வருடத்தில் நான் செய்யாததை அன்று செய்தேன். பஸ்ஸில் வரும்போது அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம்தான் ஆட்டத்தின் கடைசி எதிரியிடம் வந்து சேர்ந்தோம். ஒரு அரக்கனை எதிர்பார்த்திருந்தேன். கரையே தெரியாத ஆழமில்லாத நீர், அதற்கு மேலே வானத்தின் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறைக்கும் அது ஒரு முழம் கீழே இறங்கும். நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தீர்கள். "நல்ல துணி. கபனுக்கு எடுக்கலாம்" என்று சிரித்தீர்கள். இறந்தவரைச் சுற்றும் கபனுக்குத் துணி கேட்டு வருகிறவர்களிடம் காசு வாங்காத கடை உங்களுடையது. உங்கள் சிரிப்புக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

துணியில் எழுத்துகள் தோன்றின. "என் கீழே இருவர் வந்தீர்கள். ஒருவர்தான் வெளியே போவார். நிற்பவர் யார் என்பதை நிற்பவரே சொல்லட்டும்."

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

"பலமா அடிக்கட்டாம்" என்றேன்.

அடித்தோம். துணி இறங்கி இருவரையும் மூடியது. சேர்த்து வைத்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மூடியது. மூன்று பின்னேரங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் அந்த எழுத்துகள் வந்தன, ஒவ்வொரு தடவையும் நான் அதே பொய்யைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் நீங்கள் கைப்பிடியைப் பாயில் வைத்துவிட்டீர்கள். "முதலியார், எனக்கு இங்கிலீசு தெரியா. ஆனா நாப்பது வருசம் துணி அளந்த கண்ணு இது. அங்க மூணு வரி கிடக்கு. நீங்க ஒரு வரிதான் சொல்றீங்க."

நான் கொப்பியின் பக்கங்களைப் புரட்டினேன்.

"அண்டைக்கு டொக்டரும் நெடுகக் கதச்சாரு. அதுக்கும் ஒரு வரிதான் சொன்னீங்க."

யன்னலுக்கு வெளியே யாரோ தோணியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"கோட்டுல நான் கிழிஞ்ச சாரன் எண்டு சொன்னதக்கூட ஒரு நூல் குறையாமச் சொன்ன ஆள் நீங்க. எனக்கு மட்டும் ஏன் வெட்டிக் குடுக்கிறீங்க?"

நான் எழுந்து நின்றேன். நின்றுகொண்டு மொழிபெயர்த்துத்தான் எனக்குப் பழக்கம். முதலில் திரையில் இருந்த மூன்று வரியையும் சொன்னேன். பிறகு டொக்டர் சொன்னதை, அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். என் கால்கள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை. அது முப்பது வருடப் பழக்கம்.

நீங்கள் திட்டுவீர்கள், இனி வராதே என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பாயில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டீர்கள். பிறகு, "இரிங்க முதலியார், விழுந்திராதீங்க" என்றீர்கள். உங்கள் அடுத்த வார்த்தை, "மகனுக்குக் கோல் ஒண்டு எடுங்க, வரச் சொல்லணும்."

ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னீர்கள். பத்து நாளில் மகன் வந்து சேர்ந்தார். ஒரு பின்னேரம் மூவரும் திரைக்கு முன்னால் இருந்தோம். துணியைக் கண்டதும் அவர், "இந்த இடத்துலதான் நானும் விட்டுட்டுப் போனன் வாப்பா. எத்தின தரம் அடிச்சும் ஏலல்ல" என்றார்.

"இது அடிக்கிற சாமான் இல்ல மகன்" என்றீர்கள். விளக்குக்காரனின் முறை வந்தபோது, நான் பயனற்றது என்று எழுதி வைத்திருந்த 'நில்' என்பதை அமத்தினீர்கள்.

விளக்குக்காரன் விளக்கைக் குடைக்காரியிடம் கொடுத்தான். துணி மெதுவாக இறங்கி அவனை மட்டும் மூடியது. அவள் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க, அதுவரை தெரியாத கரை தெரிந்தது. வெற்றி என்று எங்கும் எழுத்து வரவில்லை. மகன் உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். "பாத்தியா, நல்லாத்தான் நிண்டான்" என்று அவர் தலையைத் தடவினீர்கள். நான் எழுந்து போய்த் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

மகன் கடைசிவரை உங்கள் பக்கத்திலேயே இருந்தார். நான் இன்னும் ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி கணக்குப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னது நான்தான், ஆனால் என்னைச் சொல்ல வைத்தது உங்கள் கண். அதற்கும், அன்று என்னை இருக்கச் சொன்னதற்கும் நன்றி நானா. நேரில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கொப்பியில் அந்தச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது. 'பயனற்றது' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்போது ஊரில் யாருக்காவது ஆங்கிலத்தில் பேசும் டொக்டரிடம் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். இன்று காலை வவுணதீவிலிருந்து ஒரு பெண், புருஷனுடைய பரிசோதனை முடிவைக் கேட்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் நெடுநேரம் பேசினார். நான் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் கை மேசை விளிம்பில் முழம் போட்டுக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வேற ஒண்டும் சொல்லல்லயா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்ல பிள்ள" என்றேன். "அவர் சொன்னது அவ்வளவும் சொல்லிட்டன்."