முக்காடு இல்லாத புகைப்படம்

குட்டியின் அப்பாவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கவலை வேண்டாம்.

இன்று சோலார் பம்புக்கு விண்ணப்பம் போடவேண்டும் என்று உங்கள் அண்ணன் கம்பெனிக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். கிணற்றடி வயல் என் பெயரில் இருப்பதால் என் புகைப்படம் வேண்டுமாம். நான்கு வருடமாக முக்காட்டுக்குள் இருக்கும் என் முகத்தையே பார்க்காதவர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பீந்தணி, வீட்டு மருமகளே, முக்காட்டைத் தூக்கும்மா, வெறும் போட்டோதான்" என்றார்.

"பால்காரன் முன்னாடி இவ முக்காடு நழுவினதுக்கு வீட்டையே ரெண்டாக்கினே, இப்ப கம்பெனிக்காரனுக்குக் காட்டணுமாக்கும்!" என்று அத்தை அவரைக் கேலி செய்தார்.

தூக்கினேன். முன்னால் இருந்த காகிதம் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அதில் பம்பே இல்லை. வயலில் சோலார் தகடுகள் நிறுத்த, இருபத்தைந்து வருடக் குத்தகை. நாம் சாப்பிடும் கம்பு அந்த ஒரு வயலில்தான் விளைகிறது.

எப்போதும் அத்தை வழியாகத்தான் உங்கள் அண்ணனிடம் பேசுவேன். இன்று நேராகவே சொன்னேன்: "ஜேட்ஜி, நான் பி.ஏ. படிச்சவ. முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "படி. கடைசிப் பக்கத்தையும் படி" என்றார்.

அங்கே, கணவரின் சம்மதம் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. அதன் கீழே, சூரத்திலிருந்து நீங்கள் ஹோலிக்கு வந்திருந்த தேதி. பம்பு வரப்போகிறது என்று என்னிடம் சொன்னதும் அன்றுதான்.

அண்ணன் உங்களை ஏமாற்றினாரா? ஒரு வரி எழுதுங்கள்.

இன்னும் கையெழுத்துப் போடாத
உங்கள் மனைவி