அப்பாவின் தீவில் ஆளில்லை

மார்ச் 9, 2025

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா கூப்பிடுகிறார். "தர்சி, இஞ்சை ஒருக்கா வா. சனம் ஆர்ப்பாட்டம் செய்யுது."

எங்கள் றோட்டில் அல்ல, அவருடைய தீவில். கோகுலன் அண்ணை ரொரன்ரோவிலிருந்து லீவில் வந்தபோது பழைய லப்டொப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சின்னத் தீவு, அதற்கு அப்பா ஜனாதிபதி. வீடு, பண்ணை, துறைமுகம் எல்லாம் அவர்தான் கட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு மீசைக்கார ஆலோசகன் நின்று புகழ்ந்துகொண்டே இருப்பான். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர், எந்த ஜனாதிபதியைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், இப்போது சாய்மனைக் கதிரையிலிருந்து நாடு ஆளுகிறார்.

சனத்துக்குத் தவறணை வேண்டுமாம். "குடிக்கிறதுக்கெண்டு ஒரு கட்டடம் நான் கட்டமாட்டன்," என்கிறார்.

எனக்குக் கால் உளைகிறது.

மார்ச் 15

இங்கிலாந்தில், லீட்ஸில் நேர்ஸ் வேலை உறுதி என்று வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா செத்துப்போய் இரண்டு வருடம், அண்ணை கனடாவில். இந்த வீட்டில் அவரும் நானும்தான். பிரசர் குளிசையை நான் கையில் வைக்காவிட்டால் எடுக்க மாட்டார். எந்த வாயால் சொல்வது?

மார்ச் 16

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 23

தவறணைக்குப் பதிலாகத் தீவு முழுக்கப் பள்ளிக்கூடம் கட்டினார். அதற்கு மேல் ஒரு கல்லூரி. இப்போது எல்லாரும் படித்துவிட்டார்கள், அன்னாசி பிடுங்க ஆளில்லை. பழம் தோட்டத்திலேயே அழுகுகிறது. படித்த சனம் சூட்கேசும் கையுமாகத் துறைமுகத்தில் நிற்கிறது.

"நான் என்ன குறை வைச்சனான்? படிப்பிச்சு விட்டனான்தானே," என்றார் அப்பா. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். சொந்த மகனை எஞ்சினியராக்கி விமானம் ஏற்றிவிட்ட மனிதர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே சொல்லிவிட்டேன். "அப்பா, நானும் போகப்போறன். லீட்ஸிலை வேலை கிடைச்சிருக்கு. மே கடைசியிலை."

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்," என்றார்.

மார்ச் 27

வீட்டில் கதை பேச்சு இல்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார், கோப்பையைத் தள்ளி வைக்கிறார். தீவில் மட்டும் ஒரு புதுச் சட்டம்: இனி ஒருவரும் வெளிநாடு போக முடியாது. மீசைக்காரன் அதையும் அபாரம் என்கிறான்.

ஏப்ரல் 2

வார்டில் ஆள் காணாது. நாள் முழுக்க ஓட்டம். வந்து பார்த்தால் தீவில் எல்லார் தலைக்கு மேலும் சிவப்பு முகம்.

"சனம் சந்தோசமாயில்லை, அப்பா."

"பழகீடும்."

"பழகாட்டி?"

"எங்கை போறது? கப்பல் இல்லையே."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நான் என்ன உங்கடை தீவுச் சனமே? ஏன் போறாய் எண்டு ஒரு சொல்லுக் கேக்கக் கூடாதே?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

ஏன் கத்தினனான்? அவரும் பாவம். நானும் பாவம்தானே — ஆருக்கு ஆர் இரங்கிறது? படுத்தால் போதும் போலை கிடக்கு.

ஏப்ரல் 3

உடம்பு அனல். லீவு போடவில்லை.

ஏப்ரல் 11

அப்பாவைக் கவிழ்த்துவிட்டார்கள். சனம் திரண்டு மாளிகைக்குள் புகுந்துவிட்டது. அவர் கட்டிய கல்லூரியில் படித்தவர்கள்தான் முன்னுக்கு. மீசைக்காரன் முதல் ஆளாக ஓடிவிட்டான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "உவன் அப்பவே சொல்லியிருக்கலாம். எல்லாம் நல்லம், நல்லம் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டான்."

நான் இரவுக் குளிசையை எடுத்து நீட்டினேன்.

"நீயும் அப்பிடித்தான், பிள்ளை. அம்மா போனதிலை இருந்து கேக்கிறன், களைப்போ எண்டு. இல்லையப்பா, சுகமாயிருக்கிறன் எண்டுதானே சொன்னனீ."

கேட்டவர்தான். ஒவ்வொரு நாளும் கேட்டவர். நான் குளிசையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டே சுகம் என்று சொன்னேன். எனக்கு அது பொய் என்று இன்றைக்குத்தான் தைத்தது.

ஏப்ரல் 26

விசா வந்துவிட்டது. "நல்லது," என்றார். போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா? மாட்டேன். ஆனாலும் மனம் நோகிறது.

மே 6

வேலை முடிந்து வந்தால் விறாந்தையில் நாகலிங்கம் மாமா. பக்கத்து வளவுக்காரர். வேலிக் கதியாலைத் தள்ளி நட்ட எல்லைத் தகராறில் அப்பாவோடு வருடக்கணக்காக முகம் பார்க்காதவர். அப்பாவேதான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாராம்: "எனக்கு உந்த எழுத்துச் சின்னனாக் கிடக்கு. ஒருக்கா வந்து வாசிச்சுச் சொல்லும்."

கண்ணாடி மாற்றியது போன மாதம்தான். எழுத்துத் தெரியவில்லையாம்.

புதுத் தீவு தொடங்கியிருக்கிறார்கள். மாமா தான் ஆலோசகன் என்று சொல்லிக்கொள்கிறார், ஆனால் புகழ்வதாகக் காணோம். முதல் சண்டை தவறணைக்கு.

மே 13

தவறணை கட்டியாயிற்று.

மே 21

கடைசி டியூட்டி. வார்டுப் பிள்ளைகள் கேக் வெட்டி அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். படலையிலேயே சத்தம் கேட்டது, பஸ் ஸ்ராண்டை எங்கே வைப்பது என்று. "அங்கை வைச்சால் சனம் உம்மட வீட்டை வந்தோ ஏறுறது?" என்று மாமா. "நீர் சும்மா இரும், நான் கணக்குப் பாத்தனான்," என்று அப்பா. நான் உள்ளே வந்ததை இருவரும் காணவில்லை.

குசினிக்குள் போனேன். அவர்களே தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். மேசையெல்லாம் தேயிலை, பால்மா. அப்பா குசினிக்குள் காலடி வைத்து நான் கண்டதில்லை. ஒரு கோப்பை மட்டும் தட்டால் மூடி வைத்திருந்தது, எனக்கு. ஆறிப்போய், ஒரே கயர். சீனியும் இல்லை.

நின்ற நிலையில் முழுவதையும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.